உண்ணிச்செடி யானைகளும் அப்பாவும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவதுதான், பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைக்கிற என்னைப் போன்ற ஜீவன்களுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே வரம். அந்த வரத்தில் அன்றைக்கு மகள் கை வைத்தாள்.

"அப்பா, லால்பாக்ல யானை வந்திருக்கு. எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்தாச்சு. நாம மட்டும்தான் போகல."

இது நடந்தது 2024 பிப்ரவரியில். வந்திருந்தது நிஜ யானை இல்லை. ஏதோ ஒரு காட்டுச்செடியின் குச்சிகளில் செய்த யானைகள். ஆபீஸ் வாட்ஸப் குழுவிலும் நாலு பேர் செல்ஃபி போட்டிருந்தார்கள். "வெயில் தாழப் போலாம்" என்று ஜகா வாங்கப் பார்த்தேன். தங்கமணி அதற்குள் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் நின்றார். இரண்டுக்கு ஒன்று. ஜனநாயகத்தில் இதற்கெல்லாம் அப்பீல் கிடையாது :-)

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் தலையைத் தூக்காமல் சொன்னார். "நீங்க போயிட்டு வாங்க. ஆனைய பாக்க நான் வரல."

"நிஜ யானை இல்ல தாத்தா. லாண்டனான்னு ஒரு செடியாம். அதுல பண்ணது."

"அது என்னா செடி?"

"உண்ணிச்செடிதான்ப்பா. நம்ம லயத்துக்குப் பின்னாடி இருக்குமே" என்றேன் நான்.

அப்பா பேப்பரை மடித்து டீப்பாயில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "உண்ணியில ஆனையா?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். அப்புறம் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அவர் ஏன் முதலில் வரமாட்டேன் என்றார், ஏன் பிறகு கிளம்பினார் என்று புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கொசுவர்த்திச் சுருளைச் சுற்றியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

எங்கள் ஊர் நீலகிரி மாவட்டத்தில் கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம். "உங்க ஊர்" என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அப்பாவுக்கு அது இரண்டாவது ஊர். தாத்தாவின் அப்பா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து கண்டிச் சீமைக்குப் போன குடும்பம் எங்களுடையது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, தோட்டத் தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு தலை அப்பா. அப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு ஐந்து வயது. 1971இல் பன்னிரண்டு வயதில், பெட்டிக் கட்டிலும் அம்மிக்கல்லுமாக ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கூடலூர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழக அரசு 1968இல் அந்தப் பக்கம் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. எங்கள் குடும்பத்துக்கு வேலை கிடைத்தது பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க'. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை.

அப்பாவுக்கு ஒரு அண்ணன். என் பெரியப்பா. நான்கு வயது மூத்தவர். கப்பலில் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். 1988 செப்டம்பரில் ஒரு விடியற்காலை, முதல் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப் பாதையில் போனபோது யானை மிதித்து இறந்துபோனார். முப்பத்து மூன்று வயது. எனக்கு அப்போது ஏழு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உண்ணி அடர்ந்த பாதை அது. மூடுபனி வேறு. கைக்கெட்டும் தூரத்தில் யானை நின்றிருக்கிறது, பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. அதற்கும் இவர் வருவது தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போய் லயத்தைச் சுற்றி உண்ணியை வெட்டித் தள்ளுவார். வியர்த்து ஒழுக, யாரிடமும் பேசாமல். யானை மேல் இருக்கிற கோபத்தைச் செடி மேல் காட்டுகிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

சரி, லால்பாக்குக்கு வருவோம்.

ஜே.பி. நகரில் மெட்ரோ ஏறி லால்பாக் நிலையத்தில் இறங்கினோம். ஹைதர் அலி 1760இல் போட ஆரம்பித்த தோட்டம். குடியரசு தின மலர்க் கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகையைச் சுற்றி எவ்வளவு கூட்டம் இருக்குமோ அவ்வளவு கூட்டம். முன்னூறு கோடி வருடப் பழசான அந்தப் பாறையைத் தாண்டி நடந்தால், மரத்தடியில் யானைகள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு விநாடி நின்றுவிட்டேன். காட்டோரத்தில் வளர்ந்தவனுக்கு யானையைப் பார்த்தால் கால் தானாக நிற்கும், அது மூளைக்குப் போகிற விஷயமில்லை. ஐம்பது அறுபது இருக்கும். கொம்பன், பெண் யானை, தாயின் வயிற்றுக்குக் கீழே ஒண்டின குட்டி, தும்பிக்கையை முன்னே நீட்டி எதையோ மோப்பம் பிடிக்கிற ஒன்று, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வாண்டு ஒன்று. எல்லாம் நிஜ அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பலும் பழுப்புமாக யானைத் தோல் மாதிரியே இருக்கிறது. கிட்டே போனால் ஆயிரக்கணக்கான குச்சிகள். வயிற்றில் ஒரு ஓட்டம், நெற்றியில் ஒரு சுழி, முழங்காலில் சுருக்கம் என்று, தோலின் போக்கிலேயே குச்சியும் போகிறது.

செய்தவர்கள் யார் என்று விசாரித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்க்காரர்கள்! கூடலூர்ப் பக்கத்துப் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், அப்புறம் சோளகர். 'தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்' என்று ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து இதைச் செய்கிறார்கள். யானைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற தர்ஷ் தேக்கேக்கரா, வடிவமைப்பாளர் சுப்ரா நாயர் போன்றவர்கள் இதன் பின்னால் இருக்கிறார்கள். 'எலிஃபண்ட் ஃபேமிலி' என்று மார்க் ஷாண்ட் 2002இல் லண்டனில் தொடங்கிய தொண்டு நிறுவனமும் கூட நிற்கிறது. இதே யானைக் கூட்டம் 2021 கோடையில் லண்டன் அரச பூங்காக்களில் நின்றிருக்கிறது. நாங்கள் பார்த்த அதே 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போய், ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டிலும் நியூயார்க்கிலும் மயாமி கடற்கரையிலும் நின்றன. 2025இல் மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடிகளின் மண்ணுக்கும் போயின. விற்கிற யானைகளின் காசு, மனிதனும் மிருகமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது.

பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பணியப் பையன் உட்காருவான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் வரவில்லை. கொம்பு, தும்பிக்கை எல்லாம் வைத்துக் களிமண்ணில் யானை செய்வான். அவன் இதில் இருப்பானா தெரியாது. அவன் ஞாபகம் வந்தது.

செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் யானையின் நிஜ அளவுக்குப் படம் வரைகிறார்கள். அதைப் பார்த்துக் கம்பியில் எலும்புக்கூடு. உண்ணிக் குச்சிகளைக் காட்டிலிருந்து வெட்டி வந்து பெரிய கொப்பரையில் வேகவைத்துப் பட்டையை உரிக்கிறார்கள். வெந்த குச்சி சூட்டோடு சொன்னபடி வளையும். காய்ந்தால் வளைந்தபடியே இறுகிவிடும். அதைக் கம்பிக் கூட்டின் மேல் ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். முக்கியமான விஷயம், ஒவ்வொரு யானையும் கூடலூர்ப் பக்கம் நடமாடுகிற ஒரு நிஜ யானையின் சாயலில் செய்தது. சும்மா 'ஒரு யானை' இல்லை, 'இந்த யானை'.

மேல்நாட்டில் நிலக்கலை என்று ஒன்று உண்டு. ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியில் கல்லையும் மண்ணையும் கொட்டிச் சுருள் மாதிரி ஒரு கரை போட்டார். ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி இலை, பனிக்கட்டி, கல் இவற்றை வைத்து வெட்டவெளியில் ஏதாவது செய்வார்; காற்றும் வெயிலும் அதைக் கொண்டுபோகும். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். படித்தபோது பிரமிப்பாக இருந்தது. அப்புறம் யோசித்தால், தினமும் காலையில் வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டு, அது எறும்புக்கும் செருப்புக்கும் போவதைப் பற்றிக் கவலையே படாத ஆத்தாவின் பேரன் நான். எங்கள் பூர்வீகமான புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்கு மண் குதிரை செய்து மரத்தடியில் நிறுத்துவார்கள். பழைய குதிரை மழையில் கரைந்தால் கரையட்டும், அடுத்த திருவிழாவுக்குப் புதுசு வரும். நமக்குப் பெயர் வைக்கத்தான் தெரியவில்லை.

மகளும் தங்கமணியும் ஜூஸ் வாங்கப் போனார்கள். அப்பா ஒரு கொம்பன் யானைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பின்னங்காலில் ஒரு குச்சியை விரலால் தடவினார். மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"வாசம் போயிருச்சு. அவிச்சிட்டாங்க" என்றார்.

உண்ணி இலையைக் கசக்கினால் வரும் அந்தக் காரமான நெடி உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். மஞ்சளும் ரோஸுமாகப் பூவைப் பிய்த்து உறிஞ்சியிருப்பீர்கள். கறுத்துப் பழுத்த உண்ணிப்பழத்தைத் தின்று நாக்கைக் கறையாக்கி வீட்டில் வாங்கிக் கட்டியிருப்பீர்கள். எங்கள் பக்கத்து மலையாளத்து ஆட்கள் அதைக் கொங்கிணி என்பார்கள்.

அப்பா திரும்பி என்னிடம் கேட்டார். "இதெல்லாம் நம்ம பக்கத்து ஆனைங்கதானா?"

"ஆமாப்பா. ஒவ்வொண்ணும் நிஜமா இருக்கிற யானையப் பாத்துப் பண்ணதாம்."

"ஆனை எத்தன வருசம் இருக்கும்?"

"அறுபது இருக்கும்ப்பா."

அவர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் போட்டேன். 1988இல் இருபது வயது யானையாக இருந்தால் இப்போது ஐம்பத்தாறு. அப்பா அந்தக் கூட்டத்தை ஒரு முறை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதுவும் இதுல இருந்தாலும் இருக்கும்" என்றார்.

நான் என்ன சொல்ல? அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக.

"அந்தப் பாதைய வெட்டுற முறை அந்த வருசம் என்னுது. வூட்டுக்கு ஒரு ஆளு, வருசத்துக்கு ஒருத்தரு. மழைக்கு முன்னாடி மே மாசம் நான்தான் வெட்டுனேன். இடுப்புக்குக் கீழ வரைக்கும் சுத்தமா வெட்டிட்டேன். ஜூன்ல மழை புடிச்சுச்சு. ஆகஸ்ட்டுக்குள்ள ஒண்ணு வெட்டுன எடத்துல நாலா தழைச்சு நிக்குது. முன்ன இருந்ததவிட மோசம். அண்ணன்கூட சொன்னான், டேய் மறுபடி ஒரு வெட்டு வெட்டிரலாம்டான்னு. மழை உடட்டும்னேன்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதா? நான் கவ்வாத்து வெட்டுறவன். வெட்டுனா தழைக்கும்னு தெரிஞ்சுதான் தேயிலைய வெட்டுறோம். உண்ணிக்கு மட்டும் வேற நியாயமா? நான் வெட்டாம உட்டிருந்தா அந்தப் பக்கம் அவ்வளவு அடைஞ்சிருக்காது. ஆனைய அவன் பாத்திருப்பான்."

தேயிலைத் தோட்டம் தெரியாதவர்களுக்கு: கவ்வாத்து என்பது சில வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவது. உயரமாக மரமாகப் போகாமல் பக்கவாட்டில் பரந்து கொழுந்து விடுவதற்காக. எங்கள் அப்பா அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். யானை மேல் கோபம் என்று நான் நினைத்தது அவர் மேலேயே அவருக்கு இருந்த கோபம். அதே கத்தி, அதே வெட்டு, வெட்டியது போதவில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும். அதுவும் மறுபடி மறுபடி தழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜூஸ் வந்துவிட்டது. அப்பா பேத்தியோடு யானைக் குட்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து உண்ணியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பொட்டி தட்டுகிறவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதானே.

உண்ணி நம் நாட்டுச் செடி இல்லை. தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்துச் செடி. பூ அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்து வைத்தான். பூங்காவிலிருந்து பங்களா வேலிக்கு, வேலியிலிருந்து காட்டுக்கு. பழத்தைக் குருவி தின்று போகிற இடமெல்லாம் விதை போடும். இலையில் விஷம் இருப்பதால் மாடு கடிக்காது. பசியில் கடித்த மாட்டுக்கு ஈரல் கெடும். அது அடர்ந்த இடத்தில் கீழே புல் முளைக்காது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தீனி தேடுகிற யானை, காட்டுக்குள் புல் இல்லாமல் என்ன செய்யும்? வெளியே வரும். வெளியே நாம் இருக்கிறோம். 2020இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, நம் நாட்டில் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், அதாவது ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், உண்ணியின் பிடியில் இருக்கிறது என்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 லட்சம்தான்.

ஒரு விஷயம் என்னை உறுத்தியது. எங்கே படித்தாலும் 'அந்நியச் செடி', 'வெளியிலிருந்து வந்து ஆக்கிரமித்தது', 'மண்ணின் செடிகளை விரட்டியது' என்றே எழுதியிருக்கிறது. சிலோனிலும் அந்நியன், கூடலூரிலும் வந்தவன் என்று பேர் வாங்கிய அப்பாவின் மகன் நான்; 1991 காவிரிக் கலவரத்தின் கதைகளை இன்னும் தணிந்த குரலில் பேசுகிற பெங்களூர்த் தமிழர்களுக்கு நடுவில் குடியிருக்கிறேன். அந்த வார்த்தைகள் செடியை மட்டும் சொல்வதாக எனக்குப் படவில்லை.

தொடர்ந்து படித்தபோது கொஞ்சம் தெளிந்தது. வெளியிலிருந்து வந்ததாலேயே ஒரு செடியை யாரும் ஆக்கிரமிப்புச் செடி என்பதில்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் உண்ணி வந்த அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அவை இல்லாமல் நமக்குக் குழம்பே கிடையாது. எங்களுக்குச் சோறு போட்ட தேயிலையே நீலகிரிக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். யாரும் நடாமல் தானே பரவி, மற்றது எதையும் வாழவிடாமல் செய்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது. இது நியாயமான கேள்வி. அதே சமயம், நாங்கள் போய்க் குடியேறிய மலை அதற்கு முன் பணியர்களும் குறும்பர்களும் நடமாடிய காடு என்பதையும் அந்த ராத்திரி நினைத்துப் பார்த்தேன். அரசாங்கம் கூட்டிவந்தது, நாங்கள் வந்தோம் என்பது உண்மை. எங்களுக்கு வேலை கிடைத்த மண்ணில் யாரோ நடக்கிற பாதை போனது என்பதும் உண்மைதான்.

கடைசியாக, நான் தேடாமலே தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. உண்ணியை அழிப்பதைப் பற்றி டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த ஒரு முறை. தரைக்கு மேல் எத்தனை தடவை வெட்டினாலும், எரித்தாலும், உண்ணி இன்னும் அடர்த்தியாக வரும். காரணம், அதன் மறுதளிர் விடுகிற இடம் தண்டில் இல்லை. மண்ணுக்குக் கீழே ஓரிரு அங்குலத்தில், வேர் தொடங்குகிற கழுத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குக் கீழே வேரை வெட்டி, செடியைப் பெயர்த்துத் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். வேர் மேலே, கிளை கீழே. மறுபடி மண்ணில் கால் ஊன்றாது. அதோடும் விடக்கூடாது. குருவி போட்ட விதை முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும், காலி இடத்தில் நம் புல்லைக் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் காலை காபியோடு அப்பாவிடம் இதைச் சொன்னேன். சொல்லும்போதே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று குத்திவிடுவேனோ என்று.

"அப்பா, எல்லாரும் மேலாக்கதான் வெட்டியிருக்காங்க. காலங்காலமா. காட்டிலாகாக்காரங்களே வெட்டி வெட்டி ஓஞ்சிருக்காங்க. நீங்க தனியா என்ன பண்ணியிருக்க முடியும்?"

அப்பா அந்தப் படத்தையே பார்த்தார். வேர்க் கழுத்தில் விரல் வைத்தார். "இங்கேயிருந்தா தழைக்குது?"

"ஆமா."

"தேயிலைக்கு அப்பிடி இல்ல. தேயிலை வெட்டுன கொம்புலயே தழைக்கும்." தொழில்காரர் பேச்சு. காபியைக் குடித்து முடித்தார். "தெரிஞ்சிருந்தா தோண்டியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். குற்ற உணர்ச்சி போயிற்று என்றெல்லாம் நான் எழுதமாட்டேன். முப்பத்தாறு வருடம் ஊன்றியது ஒரு காபியில் போகாது.

இந்த யானைகளால் காட்டுக்கு என்ன பயன் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் உண்ணியில் நூறு யானைக்கு வெட்டின குச்சி கடலில் கரைத்த பெருங்காயம். குச்சியை வெட்டினால் மட்டும் செடி சாகாது என்பதும் மேலே சொன்ன கதையிலேயே இருக்கிறது. ஆனால் உண்ணியை எடுக்கச் செலவாகும். எடுத்ததை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அதை விறகாக, நாற்காலியாக, யானையாக யாராவது வாங்கினால், வெட்டுகிறவருக்குக் கூலி கிடைக்கும். கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் பெங்களூரின் 'ஏட்ரீ' நிறுவனத்தின் உதவியோடு சோளகர்கள் பல வருடங்களாக உண்ணியில் மேஜை நாற்காலி செய்கிறார்கள். தமிழக அரசும் 2022இல் இந்த மாதிரிச் செடிகளை அகற்றிக் காட்டை மீட்க ஒரு கொள்கை வெளியிட்டது. யானைச் சிற்பம் இதில் ஒரு சின்னக் கண்ணி. ஆனால் ஜே.பி. நகர் அடுக்ககத்தில் உட்கார்ந்திருக்கிற என்னை ராத்திரி இரண்டு மணி வரைக்கும் உண்ணியைப் பற்றிப் படிக்க வைத்தது அந்தக் கண்ணிதான். அப்பாவைப் பேச வைத்ததும்.

கப்பலில் அமெரிக்கா போகிறது என்று சொன்னபோது அப்பா சிரித்தார். "நான் கப்பல்ல வந்தேன். இதுங்க கப்பல்ல போவுதா? பரவால்ல, பேப்பரெல்லாம் சரியா வெச்சிருக்குங்களா?" பாஸ்போர்ட், குடியுரிமை என்று பன்னிரண்டு வயதில் வரிசையில் நின்ற மனுசனின் ஜோக் அது. எங்கள் வீட்டில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் புரிந்தது.

அந்த மே மாதம், பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனோம். மைசூர், குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழி. பந்திப்பூர் தாண்டி முதுமலை வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் உண்ணி. எத்தனையோ தடவை போன ரோடு. இதற்கு முன் அதெல்லாம் வெறும் பச்சையாகத்தான் கண்ணில் பட்டது. ஒரு செடியின் பெயர் தெரிந்தால் அப்புறம் காடு பழைய காடாக இல்லை.

பெரியம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். மறுநாள் காலை அப்பா என்னை எழுப்பினார். கையில் கத்தி இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும். பெரியப்பாவைப் புதைத்த மேட்டுக்குப் போனோம். கல்லைச் சுற்றி உண்ணி மண்டிக் கிடந்தது, ரோஸும் மஞ்சளுமாகப் பூத்து. யாரோ வேண்டுமென்றே வைத்த மாதிரி அழகாகத்தான் இருந்தது.

அப்பா குனிந்து அடியில் மண்ணைக் கிளறினார். வேர்க் கழுத்தைக் கண்டுபிடித்தார். நான் கடப்பாரையால் நெம்ப, அவர் கீழே வெட்டினார். முதல் செடிக்கு அரைமணி நேரம் ஆனது. பெயர்ந்து வந்ததைத் தலைகீழாக ஒரு பாறை மேல் போட்டார்.

"இப்பிடித்தான?"

"இப்பிடித்தான்ப்பா."

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒன்பது செடி எடுத்தோம். எனக்கு உள்ளங்கையில் கொப்புளம். பொட்டி தட்டுகிற கை. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஜூன்ல மழை புடிச்சதும் ஒரு தடவை வந்து பாக்கணும்டா. மொளைச்சிருந்தா புடுங்கணும்" என்றார். அண்ணனிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. நான் "வருவோம்ப்பா" என்றேன். வந்தோம். மூன்று முளைத்திருந்தன. பிடுங்கினோம்.

உங்கள் ஊரிலும் வேலியோரம் இந்தச் செடி இருக்கும். உங்கள் பக்கம் அதற்கு என்ன பெயர்? சின்ன வயதில் அதை வைத்து என்ன விளையாடினீர்கள்? நேரம் இருந்தால் சொல்லுங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். செடியைப் பற்றிக் கேட்டால் போதும், மற்றதை அவர்களாகவே சொல்வார்கள்.